அல்ஸ்டரிலிருந்து வந்த குடும்பத்தின் சொந்த ஊரைக் கண்டறிய உதவுங்கள்

வணக்கம். என் கணவரின் முன்னோர் அயர்லாந்தின் வடக்கிலுள்ள அல்ஸ்டர் மாகாணத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஸ்காட்ஸ்-ஐரிஷ் குடும்பம் (ஸ்காட்லாந்திலிருந்து அல்ஸ்டருக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள்). மாமனாருக்கு வயதாகிவிட்டது. அவர் காலத்திலேயே பூர்விக ஊரின் பெயரை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

கையில் உறுதியான சான்று ஒன்றுதான் இருக்கிறது. 1740-இல் வர்ஜீனியாவின் ஆரஞ்சு கவுண்டி நீதிமன்றத்தில் குடும்பத் தலைவர் அளித்த சத்தியம் அது. மனைவி மக்களோடு சொந்தச் செலவில் அயர்லாந்திலிருந்து பிலடெல்பியாவுக்கும், அங்கிருந்து வர்ஜீனியாவுக்கும் வந்ததாகச் சொல்கிறார். தலைக்கு 50 ஏக்கர் நிலம் கோருவதற்கான சத்தியம் என்பதால் பிள்ளைகளின் பெயர்கள்கூட வரிசையாக இருக்கின்றன. அயர்லாந்தில் எந்த ஊர் என்பது மட்டும் இல்லை.

கப்பல் பட்டியல்கள் பயன்படாது. பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியாவில் 1727 முதல் எழுதப்பட்டவை ஜெர்மானியர் போன்ற அயல்நாட்டாருக்கானவை. பிரிட்டிஷ் மன்னரின் குடிகளான இவர்களை யாரும் பதியவில்லை. டப்ளின் ஆவணக் காப்பகமும் 1922-இல் எரிந்துபோனது.

எனவே அமெரிக்காவில் அன்று அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருந்தவர்களின் ஊரைப் பிடித்துத் தேடலாம் என்று நினைக்கிறேன். உறவினரும் ஒரே திருச்சபையினரும் சேர்ந்தே இடம்பெயர்ந்த மக்கள் இவர்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், செஸ்டர் கவுண்டிகளின் பழைய வரிப் பட்டியல்களையும் நில ஆவணங்களையும் படித்துப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அயர்லாந்தில் வீட்டு அடுப்புகளுக்கு விதித்த வரியின் 1660-களின் பட்டியலில், ஒரே திருச்சபை வட்டாரத்தில் இவர்களுடைய, அண்டை வீட்டாருடைய குடும்பப் பெயர்கள் சேர்ந்து வந்தால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். சத்தியப் பதிவின் படத்தை அனுப்பிவைக்கிறேன்.