ஒரே மாதிரி ஆடியோகிராம், எனக்கு மட்டும் காதிரைச்சல்: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

தறிக்காரன்:

நானும் என் அண்ணனும் சோமனூர்ப் பக்கம் ஒரே தறிக்குடோனில் சின்ன வயதிலிருந்து விசைத்தறி ஓட்டியவர்கள். நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமானாலும் காதோரம் வாயை வைத்துக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் சைகைதான். இப்போது இரண்டு பேருக்கும் காது மந்தம். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராமில் இரண்டு பேருடைய கோடும் ஏறக்குறைய ஒன்றுதான்: கட்டைக் குரல்கள் பரவாயில்லை, கீச்சுச் சத்தமான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது சடாரென்று கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் எனக்கு மட்டும் ராத்திரி பகல் இல்லாமல் இரண்டு காதிலும் 'உய்ய்ங்' என்று ஓர் இரைச்சல். அண்ணனுக்கு ஒன்றுமே இல்லை. தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிடுவார்.

எனக்கு இதுதான் புரியவே இல்லை. காது கெட்டதுதான் காரணம் என்றால் அவருக்கும் வந்திருக்க வேண்டுமே? முதலில் பார்த்த டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, "வயசானா அப்படித்தான், பழகிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். தூக்கம் கெட்டு நிற்கிற ஒருவரிடம் அதை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. பழக முடியும் என்பது நிஜம்தான், ஆனால் எப்படி என்று யாராவது சொல்லித் தர வேண்டாமா?

அப்புறம் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஓர் ஆடியாலஜிஸ்ட் அம்மாவிடம் போனேன். ஹெட்போனை மாட்டிவிட்டு ஒவ்வொரு சுருதியாக வைத்து, "இதுவா, இன்னும் கீச்சுன்னு இருக்குமா" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். 6000 ஹெர்ட்ஸ் கிட்ட வந்ததும் கையைத் தூக்கிவிட்டேன், அதேதான். எனக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் முதல் தடவையாக வெளியிலிருந்து வந்தது. கூட வந்திருந்த என் மனைவியிடமும் சத்தத்தைக் குறைத்து வைத்து ஹெட்போனைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதைத்தானுங்க ராத்திரி பூரா கேட்டுட்டுப் படுத்திருக்கறீங்க?" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என் தொந்தரவைச் சந்தேகப்பட்டதில்லை.

அந்த அம்மா விளக்கியது இது. உள்காதில் காக்ளியா என்ற உறுப்பில் ஒலியைப் பிடிக்கிற மயிர்ச்செல்கள் ஒரு தடவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. உச்ச சுருதிச் செய்தி மூளைக்கு வருவது நின்றுபோக, மூளை அந்த இடத்தில் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகினால் இரைச்சல்தானே பெருகும். என் இரைச்சலின் சுருதி, கேட்காமல் போன அதே பகுதியில் இருப்பதற்குக் காரணம் அதுதானாம். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பையே அறுவை சிகிச்சையில் வெட்ட நேர்ந்தவர்களில்கூடப் பலருக்குச் சத்தம் நிற்கவில்லை என்றார்கள். சொட்டு மருந்து ஏன் பலன் தரவில்லை என்பது அங்கேதான் விளங்கியது.

சரி, அண்ணனுக்கு ஏன் இல்லை? என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாத்திமா ஹுசைன் என்பவருடைய குழு, காது மந்தத்தோடு இரைச்சலும் உள்ளவர்கள், காது மந்தம் மட்டும் உள்ளவர்கள், நன்றாகக் கேட்பவர்கள் என்று பிரித்து மூளை இயங்குவதைப் படம் பிடிக்கிற எஃப்எம்ஆர்ஐ இயந்திரத்தில் சும்மா படுக்க வைத்துப் பார்த்திருக்கிறது. முதல் கூட்டம் நான், இரண்டாவது என் அண்ணன்.

நாம் ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்போது மூளையில் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன, எதையாவது உற்றுக் கவனிக்கும்போது வேறு சில. 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட இரைச்சல் உள்ளவர்களுக்கு பிரிகூனியஸ் என்ற பகுதி ஓய்வு வலைப்பின்னலோடு இணைப்புக் குறைந்து, கவனிக்கிற வலைப்பின்னலோடு கூடுதலாக இணைந்திருந்தது. அதாவது சும்மா படுத்திருந்தாலும் மூளை முழுசாக ஓய்வுக்குப் போவதில்லை. விடிய விடியப் படுத்திருந்தும் அசதி தீரவில்லை என்று நான் புலம்பியதற்கு ஒருவர் காரணம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். இரைச்சல் வந்து அதிக காலம் ஆகாதவர்களிடம் இந்த மாற்றம் தெரியவில்லையாம். அதைக் கேட்டபோது மட்டும் மனசு ஆறவில்லை.

உங்களில் யாருக்கெல்லாம் இருக்கிறது? காது மந்தம் இருந்தும் இரைச்சல் இல்லாதவர்களும் எழுதுங்கள்.

செங்கை_டீச்சர்:

அண்ணா, எனக்கு இதற்கு நேர்மாறு. ஆடியோகிராம் நார்மல், ஆனால் இரைச்சல் இருக்கிறது. "ரிப்போர்ட் சுத்தமா இருக்கு, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிட்டார்கள், அன்றைக்கு வெளியே வந்து அழுதேன். வகுப்பில் நாலு பிள்ளைகள் சேர்ந்து பேசினால் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை, அமைதியான அறையில் எல்லாம் சரியாகக் கேட்கும். லண்டனில் ஷேட்டே, மெக்அல்பைன் என்ற இரண்டு பேர் 2011இல் என்னைப் போன்றவர்களைச் சோதித்திருக்கிறார்கள். காது நரம்பிலிருந்து கிளம்புகிற முதல் மின் அலை பலவீனமாக இருக்கிறது, மூளைத்தண்டில் மேலே போகும்போது நார்மலுக்கு வந்துவிடுகிறது. நடுவில் மூளை கூட்டிக்கொடுக்கிறது. சாதாரண ஆடியோகிராமில் இது தெரியாது. ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது என்பதால் ஒருவரைப் பொய் சொல்கிறவராக ஆக்கிவிடாதீர்கள், இதை இங்கே வருகிற டாக்டர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

காதுப்பரிசோதகர்:

டீச்சர், நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். நான் ஆடியாலஜிஸ்ட். சத்தத்தின் அளவும் அது தரும் வேதனையும் ஒன்றோடொன்று பொருந்தாததைத் தினமும் பார்க்கிறேன். ஒரு அம்மாவுக்கு இரைச்சல் அவர் கேட்கும் எல்லைக்கு மேலே 5 டெசிபல்தான் இருந்தது, பேச முடியாமல் அழுதார். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் ஒருவருக்கு அதைவிட நன்றாகவே கூடுதல், "அது பாட்டுக்கு இருக்குதும்மா" என்றுவிட்டு காது மெஷின் விலையைத்தான் விசாரித்தார். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் இருவரும் நன்றாகக் கேட்கிற 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள், 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. ஆக, சத்தம் யார் மூளையிலும் எழலாம். அதை மூளை ஒதுக்கிவிடுகிறதா, ஆபத்தென்று பிடித்துக்கொள்கிறதா என்பதில்தான் வித்தியாசம். உணர்ச்சியோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதிகள் வழக்கமாக இந்தச் சத்தத்தை அடக்குகின்றன, அது தவறும்போதுதான் இரைச்சல் நிலைத்துவிடுகிறது என்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ரவுஷெக்கர் குழு 2010இல் ஒரு கருத்தை வைத்தது.

ஆனால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். இந்த இணைப்பு மாற்றங்கள் பலரைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் தெரிபவை, தனி ஆளின் படத்தைப் பார்த்து இரைச்சல் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் திறன் குறைவு, நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கிற சத்தம், இவற்றுக்கு டாக்டர் ஸ்கேன் எழுதுவார், அதைக் கட்டாயம் எடுங்கள். சட்டென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம், அன்றைக்கே ஈஎன்டியைப் பாருங்கள், ஸ்டீராய்டு சிகிச்சைக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

இரைச்சலை நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை, ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரைக்கும் பலன் நிரூபணமாகவில்லை. காது மந்தம் இருந்தால் காது மெஷின் போட்டுப் பாருங்கள், இழந்த ஒலிகள் மூளைக்குத் திரும்பக் கிடைக்கும்போது பலருக்கு இரைச்சல் பின்னால் போகிறது. வேதனை அதிகமென்றால் சிபிடி என்கிற உளவியல் பயிற்சி. சத்தத்தின் அளவு அதில் குறையாது, அது உங்களைப் படுத்துகிற பாடு குறையும்.

மதுரைமகன்:

அம்மாவுக்கு இரண்டு காதும் முழுக்கப் போய், காது நரம்பை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டுகிற காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வைத்தோம். பேச்சுக் கேட்பதற்காகத்தான் வைத்தது. மெஷினை ஆன் செய்த கொஞ்ச நாளில், "அந்த வண்டுச் சத்தம் எங்கடா போச்சு?" என்று கேட்டார்கள். ராத்திரி கழற்றி வைத்தால் திரும்ப வருகிறது, காலையில் மாட்டினால் அடங்குகிறது. எல்லோருக்கும் இப்படி ஆகுமா தெரியாது, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

தறிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. காது மெஷின் நானும் போட்டிருக்கிறேன், பகலில் பேச்சு சத்தத்தில் இரைச்சல் பாதி மறந்துவிடுகிறது. ராத்திரி கழற்றியதும் மதுரைத் தம்பி சொன்ன கதைதான், ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டு படுக்கிறேன். ஒன்று கேட்க விட்டுப்போச்சு. பல்லைக் கடித்துத் தாடையை இறுக்கினால் எனக்குச் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. இது வேறு யாருக்காவது உண்டா?

காதுப்பரிசோதகர்:

நிறையப் பேருக்கு உண்டு அண்ணா, பயப்பட ஒன்றுமில்லை. தாடை, கழுத்திலிருந்து வருகிற நரம்புச் செய்திகளும் மூளைத்தண்டில் கேட்கும் நரம்பு சேர்கிற அதே இடத்தில் வந்து சேர்கின்றன. தூக்கத்தில் பல் கடிக்கிற பழக்கம் இருக்கிறதா என்று அக்காவிடம் கேளுங்கள், இருந்தால் ஒரு பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.