மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை: ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அனுபவம்

மெர்பேங்க் அண்ணன்:

தெற்கு டர்பனில் ஒரு குரோம் முலாம் பட்டறையில் 19 வருடம் வேலை பார்த்தேன். தொட்டியிலிருந்து எழும் ஆவி மூக்கில் சுள்ளென்று ஏறும். முதலில் தும்மல், அப்புறம் மூக்கு ஒழுகல், கொஞ்ச நாளில் அதுவும் பழகிப்போனது. காலையில் மூக்கைச் சிந்தினால் காய்ந்த பொருக்கோடு ரத்தமும் வரும். ஆனால் வலி துளியும் இல்லை. வலிக்காததால்தான் இத்தனை வருடம் ஓடிவிட்டது. ராத்திரி நான் மூச்சு விடும்போது விசில் சத்தம் வருகிறது என்று மனைவி சொல்லிச் சொல்லித்தான் டாக்டரிடம் போனேன். ஒரு நாசியில் விளக்கைக் காட்டினார், வெளிச்சம் மறு நாசியில் தெரிந்தது. ஒரு சென்டிமீட்டர் ஓட்டை.

நடுச்சுவரின் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாதாம். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சவ்வுதான் அதற்குச் சோறு போடுகிறது. குரோமிக் அமில ஆவி இரு பக்கச் சவ்வையும் ஒரே இடத்தில் அரித்துவிட்டால் நடுவில் இருப்பது பட்டினியில் செத்துப்போகும்.

உடனே மூடிவிடுங்கள் என்றேன். முடியாது என்றார். ஆவி படுகிற வேலையில் இருக்கும்வரை கத்தி வைக்க மாட்டேன், தைத்த இடமும் அரித்துப்போகும் என்றார். ரத்தப் பரிசோதனை எடுத்தார், ஓட்டையின் ஓரத்திலிருந்து சின்னத் துணுக்கு வெட்டியும் சோதித்தார். காசநோயோ ரத்தக் குழாய் அழற்சியோ இருந்தால் அதற்குத்தான் முதலில் வைத்தியம். கொக்கேய்ன் பழக்கம் உண்டா என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவும் இதே ஓட்டையைப் போடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

வேலையை விட்டேன். வீட்டுக் கடன் பாக்கி இருந்தது, அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. எட்டு மாதம் தினமும் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவி, உள்ளே வாஸ்லின் தடவி வந்தேன். பொருக்கு குறைந்த பிறகுதான் தேதி கொடுத்தார்.

மூக்கின் அடித்தளத்திலும் மேலேயும் இருக்கும் சவ்வைப் பெயர்த்து, இரண்டு பக்கமும் நகர்த்தித் தைத்தார்கள். நடுவில் வைக்க, காதுக்கு மேல் முடிக்குள் கீறி, நெற்றிப்பொட்டுத் தசையின் மெல்லிய உறையை எடுத்தார்கள். இரு பக்கமும் சிலிக்கோன் தகடு, மூன்று வாரம். வாயால்தான் மூச்சு. தொண்டை வறண்டு தூக்கமே இல்லை, கஞ்சிதான் இறங்கியது. தகடு எடுத்த அன்று மூக்கு வழியாகக் காற்று போனதும் அழுதுவிட்டேன். விசில் நின்று இரண்டு வருடம் ஆகிறது.

சாட்ஸ்வொர்த் அக்கா:

எனக்கு நடுச்சுவர் வளைவை நேராக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு வந்த ஓட்டை. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரம். நீளம் அதிகமாக இருந்தால் சமாளிக்கலாம், உயரம்தான் கஷ்டம், சவ்வு மேலிருந்தும் கீழிருந்தும்தானே வர வேண்டும் என்றார் டாக்டர். அதனால் இப்போதைக்கு ஓட்டையை அடைக்கும் சிலிக்கோன் பட்டன் போட்டிருக்கிறேன். ரத்தம் வருவது நின்றது, பொருக்கு முழுதாகப் போகவில்லை. கழுவுவதை இரண்டு நாள் விட்டால் நாற்றம் வருகிறது, தயவுசெய்து விடாதீர்கள்.

பீனிக்ஸ் தம்பி:

அண்ணா, எங்கள் பாட்டி புல்லாக்கு போட்டிருந்தார். அதுவும் நடுச்சுவர் ஓட்டைதானே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே? நானும் ஒரு முலாம் பட்டறையில்தான் இருக்கிறேன்.

மெர்பேங்க் அண்ணன்:

தம்பி, புல்லாக்கு குத்துவது குருத்தெலும்புக்குக் கீழே, முன்னால் இருக்கும் மெல்லிய இடத்தில். சரியாகக் குத்தினால் குருத்தெலும்பில் படாது. அது வேறு, இது வேறு. உனக்குப் பொருக்கு வருகிறதா? வந்தாலும் வராவிட்டாலும் இந்த வாரமே ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டு. என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை எழுதிக் கையில் கொண்டுபோ. வேலையால் வந்தது என்று டாக்டர் சொன்னால், தென்னாப்பிரிக்காவின் 1993-ஆம் ஆண்டுத் தொழில் காயம், நோய் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் நீ விண்ணப்பிக்கலாம். எனக்கு அதைப் பட்டறையில் யாரும் சொல்லவில்லை. டாக்டரிடம் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், நானும் வருகிறேன்.