ஏலகிரி முகாமுக்கு உதவி வேண்டும்

வணக்கம். வேலூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சமூக நீதி குறித்து ஏலகிரியில் மூன்று நாள் மாணவர் முகாம் நடத்தப் போகிறோம். முப்பத்தைந்து பேர், பாதிக்கு மேல் பெண்கள்.

சென்ற ஆண்டு நான்கு ஆசிரியர்கள் மாறி மாறிச் சொற்பொழிவாற்ற, பிள்ளைகள் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார்கள். மூன்றாவது சொற்பொழிவு என்னுடையது. இம்முறை ஒரு நாள் முழுக்க மலையிறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரையில் நடக்கலாம் என்று எண்ணம். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த ஆற்றோரம் பிறந்த மாணவர்களுக்கே அது தெரியவில்லை!

எனவே, தோல் பதனிடும் வேலையில் இருந்தவர்கள், அரிசி ஆலையிலோ செங்கல் சூளையிலோ கொத்தடிமையாக இருந்து மீண்டவர்கள் யாராவது மனமொப்பிப் பேச வருவார்களா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது என்பதைத் தேர்வுக்கு நாங்களே சொல்லிக்கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகும் அட்வான்ஸ் கடன் ஒரு குடும்பத்தை எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். பயணச் செலவும் அன்றைய கூலியும் தருவோம். படம் எடுக்க மாட்டோம்.

இன்னொன்று: பெண்களுக்குத் தனிக் கழிப்பறையுள்ள, வாடகை குறைந்த தங்குமிடம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் நிதானமாக ஓட்டும் வேன்காரர் தெரிந்தாலும் சொல்லுங்கள். போன முறை பாதிப் பேர் வாந்தி.