ஆவியாதல், ஆவி சுருங்குதல் சிமுலேஷன்: உங்களைப் படுத்திய கேஸ் எது?

நீராவி:
நானே ஆரம்பிக்கிறேன். மூடிய குழாய், அடியில் சூடு, மேலே குளிர்ச்சி, உள்ளே தண்ணீரும் அதன் ஆவியும் மட்டும். நீர் எங்கே, ஆவி எங்கே என்று பின்தொடர விஓஎஃப் முறை; வெப்பநிலை கொதிநிலையைவிட எவ்வளவு கூடக் குறைய என்று பார்த்து ஆவியாக்கவோ நீராக்கவோ லீ மாடல். யாரோ செட் பண்ணி வைத்த ஃபைல் கைக்கு வந்தது. ஓடவிட்டால் கொஞ்ச நேரம் சாதுவாக இருக்கும்; முதல் குமிழி கிளம்பியதும் அழுத்தம் எகிறி, கணக்கு விடைக்கு வராமல் டைவர்ஜ் ஆகிவிடும். எல்லோரும் மெஷ்ஷைத்தான் (இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை) திட்டினார்கள். பார்த்தால், ஆவியின் அடர்த்தி மாறிலியாக இருந்தது. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் சுமார் 1600 மடங்கு இடம் கேட்கும். சுற்றிலும் சுவர், அடர்த்தியும் மாறக்கூடாது என்றால் அது எங்கே போகும்? ஆவியை ஐடியல் வாயு ஆக்கி (அழுத்தத்துக்கேற்ப அடர்த்தி மாறும்), அதையே முதல் ஃபேஸாக (பிரைமரி ஃபேஸ்) வைத்ததும் அடங்கியது. சாச்சுரேஷன் வெப்பநிலையை, அதாவது கொதிநிலையை, 373.15 கெல்வினில் பூட்டாமல், அழுத்தத்தோடு மாறும்படியும் கொடுத்தோம்.

மெஷ்மாறன்:
எங்களை அலையவிட்டது லீ மாடலின் குணகம், அதாவது மாற்றம் எவ்வளவு வேகம் என்று சொல்லும் எண். ஃப்ளூயன்ட் மென்பொருளில் நாம் மாற்றாவிட்டால் 0.1 என்று நிற்கும். ஆய்வுக் கட்டுரைகளில் அதிலிருந்து பத்து லட்சத்தையும் தாண்டிப் போகும். "சரியான மதிப்பு எது சார்?" என்று ஜூனியர்கள் கேட்டால், இடைமுகத்தின் (நீரும் ஆவியும் தொடும் பரப்பின்) வெப்பநிலையைப் பிளாட் பண்ணச் சொல்வேன். சாச்சுரேஷனிலிருந்து பல டிகிரி விலகி நின்றால் குணகம் போதவில்லை. ஏற்ற ஏற்ற ஒட்டி வரும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் சால்வர் தள்ளாடும். மெஷ்ஷை நெருக்கினால் இடைமுகம் மெலிந்து கணக்கே மாறிவிடும், மறுபடி தேட வேண்டியதுதான். அதனால் அடுத்தவர் கட்டுரையிலிருந்து எண்ணை மட்டும் பிடுங்கி வருவதில் எனக்கு நம்பிக்கையில்லை. முதலில் ஸ்டெஃபான் கணக்கை (நீர் ஆவியாக ஆக இடைமுகம் நகரும் எளிய கணக்கு) ஓட்டிப் பாருங்கள். ஒரே பரிமாணம், கையால் போட்ட தீர்வு இருக்கிறது, லேப்டாப் போதும்.

கொதிநிலை:
குணகத்துக்கு முன்னால் என்தால்பியை (நீர், ஆவி இவற்றின் வெப்ப அளவை) பாருங்கள் ஐயா! எங்களிடம் வந்த ஒரு கேஸில் கொதிப்பு பேய் பிடித்த மாதிரி இருந்தது. ஃப்ளூயன்ட் என்தால்பிப் பெட்டியில் கேட்பது கிலோமோலுக்கு ஜூல். அதில் கிலோகிராமுக்கான 22,57,000 போட்டிருந்தார்கள். தண்ணீரின் மூலக்கூறு எடை 18, ஆக உள்ளுறை வெப்பம் பதினெட்டில் ஒரு பங்கு! அதைத் திருத்திய பிறகும் ஒரு பொடி விஷயம் உண்டு. என்தால்பியை எந்த வெப்பநிலையிலிருந்து கணக்கிடுவது என்று சொல்லும் ரெஃபரன்ஸ் வெப்பநிலை 298.15 கெல்வினில் இருந்தால், தண்ணீருக்கும் ஆவிக்கும் தன்வெப்பம் வேறு என்பதால் கொதிநிலைக்கு வரும்போது கிலோவுக்குச் சுமார் 160 கிலோஜூல் குறைந்துபோகும். அதையும் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

ஈரக்காற்று:
என் கதை நேர் எதிர், கொதிப்பே கிடையாது. 30 டிகிரியில் தேங்கிய நீர் காற்றோட்டத்தில் காய வேண்டும். லீ மாடலைப் போட்டால் ஒரு பொட்டு கூட ஆவியாகவில்லை. காற்றிலிருந்த ஈரம்தான் தண்ணீராக ஆரம்பித்தது! அதற்குத் தெரிந்தது 100 டிகிரி கொதிநிலை மட்டும். இங்கே வேலை செய்வது பரவல்: நீர்ப்பரப்பில் ஆவியின் அழுத்தம் 4.2 கிலோபாஸ்கல், காற்றில் அதைவிடக் குறைவு, அந்த வித்தியாசம்தான் ஆவியை இழுக்கிறது. காற்றில் ஆவி எவ்வளவு என்று கணக்கிடும் ஸ்பீஷீஸ் சமன்பாட்டைச் சேர்த்து, பரிமாற்றத்தை யூடிஎஃப்பாக (ஃப்ளூயன்ட்டில் நாமே எழுதிச் சேர்க்கும் நிரலாக) எழுதினோம்.

நீராவி:
@ஈரக்காற்று, குளிர்ந்த சுவரில் துளி பிடிப்பதற்கும் அதே யூடிஎஃப்தானா?

ஈரக்காற்று:
அதேதான். மொத்த அழுத்தத்தை விட்டுவிட்டு நீராவியின் பகுதி அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுங்கள். சுவரோரம் மெஷ் நெருக்கமாக இருக்கட்டும். ஆவி படிந்ததும் அங்கே காற்று சேர்ந்து வழியை மறிக்கும், அந்தப் படலம் பிடிபடாவிட்டால் விடை ஏகத்துக்கும் தப்பும்.