நிழற்குடையில் யார் பெயர்?

மாம்பலத்துக்காரன்

எங்கள் தெருமுனையில் ஒரு பேருந்து நிழற்குடை இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்து இது நான்காவது. முதலில் இருந்தது சிமெண்ட் கூரையும் கடப்பாக்கல் திண்டும். மே மாதத்தில்கூட உட்கார்ந்தால் குளுகுளுவென்று இருக்கும். அதை இடித்துவிட்டுத் தகரக் கூரை போட்டார்கள். அப்புறம் எவர்சில்வர் குழாய். இப்போது இருப்பதில் உட்கார இடமே கிடையாது, சாய்ந்து நிற்க ஒரு கம்பி மட்டும். கூரை சிறுத்துக்கொண்டே வர, பெயர்ப் பலகை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 'தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து' என்பது பொடி எழுத்தில், உறுப்பினர் பெயர் மட்டும் அடுத்த தெருவுக்கே தெரிகிற எழுத்தில்.

இத்தனைக்கும் அந்தப் பெயருக்கு உரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. எம்.எல்.ஏ. ஆண்டுக்கு 3 கோடிக்கும், எம்.பி. 5 கோடிக்கும் வேலைகளைப் பரிந்துரைக்கலாம். பணம் அரசுடையது. ஐந்து வருடம் கழித்து அவரை எதிர்த்து நிற்பவர் இதே அளவில் பெயர் எழுத நினைத்தால், சொந்தக் காசில் சுவர் பிடிக்க வேண்டும், அதையும் தேர்தல் செலவுக் கணக்கில் காட்ட வேண்டும்.

தேர்தல் தேதி அறிவித்தால் நடத்தை விதிப்படி இந்தப் பெயர்களை மறைக்க வேண்டும். அறிவித்த மறுநாள் இரண்டு பேர் பசை வாளியும் பழைய செய்தித்தாளுமாக வந்து பெயரை மறைத்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் வெயிலில் காகிதம் உரிந்து பாதிப் பெயர் எட்டிப் பார்த்தது. முழுப் பெயரை யாரும் கவனித்ததில்லை, பாதிப் பெயரை எல்லோரும் நின்று படித்தார்கள்!

உங்கள் பக்கத்துக் கதைகளைச் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், கண்ணால் பார்த்தது போதும்.

அயனாவரம் டீச்சர்

2011 ஜூன் மாதத்தை எங்கள் பள்ளியில் யாரும் மறக்க மாட்டோம். மே மாதம் ஆட்சி மாறியது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்விக்கான புத்தகங்கள் அச்சாகிக் கிடந்தன, புதிய அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், ஆகஸ்ட் 9 அன்றுதான் அதே பாடத்திட்டத்தை நடத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதுவரை கதை, கணக்கு வாய்ப்பாடு, படம் வரைதல் என்று ஒப்பேற்றினோம்.

புத்தகம் கைக்கு வந்த பிறகு அடுத்த வேலை. முந்தைய முதல்வர் சம்பந்தப்பட்ட பகுதிகளை மறைக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆசிரியர் அறையில் வரிசையாக உட்கார்ந்து ஒட்டினோம். விரலெல்லாம் பசை. மறுநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அந்த வருடம் அவன் அவ்வளவு ஈடுபாட்டோடு படித்த பக்கம் வேறு எதுவும் இல்லை.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் ஆட்சி மாறியபோது முன்னாள் முதல்வர்கள் படம் போட்ட பள்ளிப் பைகள் லட்சக்கணக்கில் தயாராக இருந்தன. அப்படியே கொடுங்கள் என்று புதிய முதல்வர் சொல்லிவிட்டதாகவும், அதில் 13 கோடி ரூபாய் மிச்சம் என்றும் சட்டமன்றத்தில் அமைச்சர் சொன்னார். பிள்ளைகள் பையில் யார் படம் இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜிப் ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

சிந்தாதிரிப்பேட்டை எலெக்ட்ரீஷியன்

டீச்சர் சொன்னது புத்தகம். நான் சொல்வது கட்டடம்.

ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் எழும்பியபோது வயரிங் வேலைக்குக் கையாளாகப் போனேன். 2010 மார்ச் 13 திறப்பு விழா, பிரதமர் மன்மோகன் சிங் வருகிறார். ஆனால் உச்சியில் குவிமாடம் முடியவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கூப்பிட்டுத் தற்காலிகக் குவிமாடம் போட்டார்கள். அண்ணா சாலையில் நின்று பார்த்தால் அசல்தான். உள்ளே வேலை செய்த எங்களுக்கு மட்டும் அது செட் என்று தெரியும், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். திறப்பு விழாவுக்கு ஒரு செலவு, அதைப் பிரித்து எடுக்க ஒரு செலவு.

அடுத்த வருடம் ஆட்சி மாறியது, சட்டமன்றம் பழையபடி புனித ஜார்ஜ் கோட்டைக்கே போய்விட்டது. பூட்டிக் கிடந்த கட்டடத்தை மாற்றிக் கட்டி 2014 பிப்ரவரியில் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறந்தார்கள்.

சில வருடம் கழித்து அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அங்கேதான் கூட்டிப்போனேன். தாழ்வாரத்தில் காத்திருந்தபோது சுவரைத் தடவிப் பார்த்தேன். உள்ளே ஓடுகிற வயரில் நான் இழுத்ததும் கொஞ்சம் இருக்குமோ, இல்லை எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களோ? அப்பாவைக் காசு வாங்காமல் நல்லபடியாகப் பார்த்து அனுப்பினார்கள். அதனால் அதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மருத்துவமனை வேண்டுமென்றால் மருத்துவமனையாகவே கட்டியிருக்கலாம், ஒரே கட்டடத்துக்கு இரண்டு தடவை கொட்டியிருக்க வேண்டாம்.

கோட்டூர்புரம் வாசகி

தம்பி, அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் அதே கதி வந்திருக்கும். 2010 செப்டம்பரில் திறந்ததை 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டது. அங்கே உட்கார்ந்து படித்துத்தான் இன்று நான் வேலையில் இருக்கிறேன்.

வேளச்சேரி தண்ணி வண்டி

2015 டிசம்பர் வெள்ளம். நாங்கள் நண்பர்களாகச் சேர்ந்து பிரெட், பால் பவுடர், பாய் எடுத்துக்கொண்டு ஒரு மினி லாரியில் போனோம். முழங்கால் தண்ணீரில் கரைவேட்டிக்காரர்கள் சிலர் வண்டியை நிறுத்தி, தலைவர் பட ஸ்டிக்கர் ஒட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் பத்துப் பொட்டலத்தில் ஒட்டவிட்டு உள்ளே போனோம். ஊரெல்லாம் நனைந்து கிடக்கிறது, அந்த ஸ்டிக்கர் மட்டும் ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. இன்றைக்கும் அதுதான் கண்ணில் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. பதவியில் இருப்பது அவ்வளவு பெரிய வசதி என்றால், இங்கே ஆளுங்கட்சி ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டுமே? 1984-ல் எம்.ஜி.ஆர். மறுபடி ஜெயித்தார். அதற்குப் பிறகு ஆளுங்கட்சி அடுத்தடுத்து ஜெயித்தது 2016-ல்தான். வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த ஆட்சி 2011-ல் தோற்றது. 2021 பொங்கலுக்கு அட்டைக்கு 2,500 ரூபாய் கொடுத்த ஆட்சி அதே மே மாதம் தோற்றது. என் மாமியார் அந்த 2,500-ஐ எண்ணி முடிச்சுப் போட்டுக்கொண்டே, "இது நம்ம வரிப்பணம்தானே" என்றார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

தண்டையார்பேட்டை அக்கா

கணக்குப்பிள்ளை ஐயா, பொதுத்தேர்தல் கணக்கு வேறு, இடைத்தேர்தல் கணக்கு வேறு. நாங்கள் ஆர்.கே. நகர்.

2015 ஜூனில் முதல்வர் ஜெயலலிதாவே எங்கள் தொகுதியில் நின்றார். அவர் ஜெயிப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் பார்க்க வேண்டுமே! டீக்கடை பெஞ்சில் அமைச்சர். மாதக்கணக்காக எரியாத தெருவிளக்கு ஒரே சாயங்காலத்தில் எரிந்தது. அடிகுழாயில் கைப்பிடி உடைந்திருக்கிறது என்று நான் சும்மா முணுமுணுத்தேன், மறுநாள் காலையில் புதுக் கைப்பிடி. கல்யாணமாகி வந்த இருபது வருடத்தில் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போனார்கள். மூன்று படி ஏறிப் போன எங்கள் வீட்டுக்கு இப்போது ஒரே படி, மழை வந்தால் வாசலில் மணல் மூட்டை.

முழுசாக அந்தக் கணக்கும் சரியில்லைதான். 2017 ஏப்ரலில் நடக்க இருந்த இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடாவால் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. டிசம்பரில் நடந்தபோது குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் ஜெயித்தார், ஆளுங்கட்சி தோற்றது. தெருவிளக்கு மட்டும் இரண்டு தேர்தலுக்கும் எரிந்தது.

வேளச்சேரி தண்ணி வண்டி

மாம்பலத்துக்காரரே, அந்தப் பாதிப் பெயர் என்ன ஆச்சு?

மாம்பலத்துக்காரன்

மறுபடி வந்து இன்னொரு அடுக்கு ஒட்டினார்கள். இந்த முறை கையில் கிடைத்தது பழைய நாளிதழின் முழுப்பக்க அரசு விளம்பரம். அரசு விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டும்தான் போடலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மார்ச்சிலேயே முதல்வர்கள், அமைச்சர்கள் படமும் போடலாம் என்று தளர்த்திவிட்டது. ஆக, உறுப்பினர் பெயர் மறைந்துவிட்டது. அதன் மேல் முதல்வர் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஓட்டு எண்ணும் நாள் வரைக்கும் யாரும் கிழிக்கவில்லை.