வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்து வருடத் திட்டம் போடுகிறவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். திருப்பூரில் 12 மெஷின் வைத்து பனியன் ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) செய்கிறேன். ஏப்ரல் 1 புதுக் கணக்குக்குள் இந்த முறையாவது ஒரு வருடத் திட்டம் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போன வருட டைரியின் முதல் பக்கத்தில் "இரண்டு ஓவர்லாக், ஞாயிறு லீவு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்" என்று எழுதி வைத்திருக்கிறேன், ஜூனுக்குப் பிறகு எல்லாம் வெறும் பக்கம். மெஷின் வந்துவிட்டது. அம்மாவின் கண் அப்படியே இருக்கிறது, அதுதான் மனதை அறுக்கிறது.

ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளிக்கு முன் போனஸ், இதெல்லாம் தேதி தவறாது, தைத்துக் கொடுத்த பணம் மட்டும் வராது. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும், அதற்கான அரசின் உத்யம் பதிவும் இருக்கிறது, ஆனாலும் 90 நாள் இழுக்கிறார்கள்; கண்டித்துக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.

வரவு இப்படி இருக்கும்போது வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? முந்தைய வருடத்தின் மோசமான மாதத்தை வைத்தா, சராசரியை வைத்தா? அப்புறம், ஜிஎஸ்டி 3பி (மாத வரிக் கணக்கு) போட மாதம் 20ஆம் தேதிக்குள் எப்படியும் கணக்கு பார்க்கிறோமே, அன்றைக்கே வீட்டு இலக்குகளையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் யாராவது உண்டா, அது நடைமுறையில் நிற்கிறதா? நீங்கள் எழுதி வைத்த தாளைப் படமெடுத்துப் போட்டால்கூட போதும், தொகைகளை மறைத்துவிடுங்கள்.