1916 சோம் போர்க்களக் காலாட்படை வீரருக்கு எந்தச் சீருடை சரியானது?

கேள்வி:
வணக்கம். 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் பகுதியில் தாக்குதலுக்குச் சென்ற பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாய் ஒருவரை, வரலாற்றுப் போர்க்காட்சி மீள்நிகழ்த்தலில் சித்திரிக்க விரும்புகிறேன். ‘முதல் உலகப் போர்’ என்ற பெயரில் விற்கப்படும் ஒரு தொகுப்பில் 1902 மாதிரி மேற்சட்டை, 1908 மாதிரி நெசவுப்பட்டைக் கச்சை (தோட்டாப் பைகள் கோத்த இடுப்பு, தோள் பட்டைகள்), விளிம்புப் பட்டை பொருத்திய எஃகுத் தலைக்கவசம், மார்பில் தொங்கும் சதுரப் பையுடன் கூடிய நச்சுவாயு முகமூடி ஆகியவை உள்ளன. அப்படியே வாங்கலாமா? அந்த ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களைச் சித்திரிக்கும் உடையில் பிழை இருப்பதை என் மனம் ஏற்கவில்லை.

முதல் பதில்:
அவசரப்பட்டு வாங்க வேண்டாம். அந்தச் சதுரப் பை முகமூடி 1916 ஆகஸ்டு முதல்தான் படையினருக்கு வழங்கப்பட்டது. ஜூலை 1 அன்று அவர்களிடம் இருந்தது, வேதிக்கரைசலில் நனைத்த துணியில் இரண்டு கண்ணாடி வில்லைகள் பதித்த, தலை முழுவதையும் மூடும் உறை. தலைக்கவசத்தின் விளிம்புப் பட்டையும் அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த மாற்றமே என்பதால், விளிம்பு மடிக்கப்படாத தொடக்கக்கால வகையைத் தேடுங்கள்.

கச்சையைப் பொறுத்தவரை, நீங்கள் எந்தப் பட்டாலியனை (காலாட்படைப் பிரிவை) சித்திரிக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். போர்த்துறை அமைச்சராக இருந்த கிச்சனரின் அழைப்பை ஏற்றுப் படையில் சேர்ந்த தொண்டர்களின் எண்ணிக்கைக்கு நெசவுப்பட்டை உற்பத்தி ஈடுகொடுக்காததால், புதிய பட்டாலியன்கள் பலவற்றுக்கு, பாம்பு வடிவக் கொக்கியுடன் கூடிய 1914 மாதிரித் தோல் கச்சையே கிடைத்தது. 1908 மாதிரியின் பத்துச் சிறு பைகளில் 150 தோட்டாக்கள் அடங்கும். தோல் மாதிரியிலோ பெரிய பைகள் இரண்டுதான் என்பதால், தொலைவிலிருந்து பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். அந்தப் பட்டாலியனின் தேதியிட்ட நிழற்படங்களைப் பார்த்த பிறகே பணத்தைச் செலவிடுங்கள்.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னவை சரியே. ஆனால் துணியைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வருத்தம். சின்னமும் பொத்தானும் துல்லியமாக இருந்து, துணி மெல்லியதாகவும் இழையில் செயற்கை நார் கலந்ததாகவும் இருந்தால், சட்டை உடலில் விழும் விதமே அந்தக் காலத்தைக் காட்டாது. விற்பவரிடம் ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கி, இழை ஒன்றை எரித்துப் பாருங்கள்: கம்பளி என்றால் முடி கருகும் வாடை வீசி, விரலில் நொறுங்கும் சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். காக்கி நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறுபட்டது. ஆகவே உங்கள் குழுவினர் அனைவரும் ஒரே சாயலில் நிற்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

கால்பட்டியையும் (முழங்காலுக்குக் கீழே சுற்றும் நீளத் துணிப்பட்டை) கவனியுங்கள். காலாட்படையினர் கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றி, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டினார்கள். குதிரைப்படையினர் மேலிருந்து கீழ்நோக்கிச் சுற்றினார்கள். விலையுயர்ந்த உடை அணிந்தவர்களே இதில் தவறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தொகுப்பை வாங்கவில்லை, புதிய பட்டாலியன் ஒன்றைத் தேர்ந்து, தோல் கச்சையிலிருந்து தொடங்குகிறேன். அக்காலத்து அசல் மேற்சட்டை கிடைத்தால் அதையே அணியலாமா?

இரண்டாம் பதிலளித்தவர்:
தயவுசெய்து அணியாதீர்கள். நூறாண்டு கடந்த கம்பளியும் தையல்நூலும் வியர்வையையும் இழுவிசையையும் தாங்காமல், அக்குளிலும் தோளிலும் முதலில் கிழியும். அதைச் சமதளத்தில் விரித்து, சட்டைப்பையின் அளவையும் ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல்கள் என்பதையும் குறித்துக்கொண்டு, அந்தக் கணக்கைத் தையற்காரரிடம் கொடுங்கள்.